பீருக்கு மதிப்பெண் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த பீர் சுவைப் பட்டியலைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளைக் கூச்சமில்லாமல் எடுத்து எழுதியது மகிழ்ச்சி. ஆனால் அந்த மதிப்பெண்களை வைத்து யாரும் பீர் வாங்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே குளிரில், ஒரே மாதிரி டம்ளரில் ஊற்றி, ‘எது தாகம் தீர்க்கிறது’ என்ற ஒரே கேள்வியால் அளந்திருக்கிறார்கள். அதனால்தான் வறுத்த தானியத்தில் செய்த கறுப்பு பீரான ஸ்டவுட் கடைசி இடத்துக்குப் போனது. கோதுமை பீர் ‘கலங்கிக் கெட்டது’ என்று ஒதுக்கப்பட்டது. இரண்டுமே அநியாயம்.

எந்த பீரையும் அதன் வகையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1985இல் தொடங்கி, பீர் நடுவர்களுக்குத் தேர்வு நடத்திவரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் சுறுசுறுப்புக்கும் 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு 3தான்! உங்கள் பட்டியலில் நிறமும் நுரையுமே பாதி மதிப்பெண்ணைத் தின்றுவிட்டன. கசப்புக்கும் இதே கதிதான். ஐ.பி.யூ. என்ற கசப்பு அளவில் ஜெர்மனியின் பவேரியக் கோதுமை பீர் 8 முதல் 15 வரை நிற்கும். செக் நாட்டின் வெளிர் லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் பீர் வகை) 30 முதல் 45 வரை போகும். முன்னதில் கசப்பு போதவில்லை, பின்னதில் தூக்கல் என்று எழுதுவது, பாயசத்தில் காரம் இல்லை என்று குறை சொல்வது போல.

அடுத்தது குளிர். வீட்டு ஃபிரிட்ஜ் ஏறத்தாழ 4 டிகிரி. அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், மணமும் மேலெழாது. லைட் லாகருக்கு அது பரவாயில்லை. கசப்புள்ள வெளிர் லாகரான பில்ஸ்னருக்கு 6, 7 டிகிரி வேண்டும். கோதுமை பீருக்கு 7, 8. கனமான ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13 வரை. நம் ஊர் வெப்பத்தில் 330 மில்லி பாட்டிலை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால் பில்ஸ்னருக்குப் போதும், இருபது நிமிடத்தை ஒட்டி ஸ்டவுட்டுக்குப் போதும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் ஊற்றியதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஃப்ரீசரில் உறையவைத்த கண்ணாடி மக் வேண்டவே வேண்டாம். அதன் உட்சுவரில் படிந்த பனி பீரை நீர்க்கச் செய்யும், நுரையையும் தாறுமாறாகக் கிளப்பும்.

டம்ளரைப் பற்றி ஒரு சொல். எண்ணெய்ப் பசை நுரைக்கு எமன். பீர் ஊற்றிய டம்ளரின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் அது சரியாகக் கழுவப்படவில்லை. சோதிக்க எளிய வழி: டம்ளரை நீரில் நனைத்து, உள்ளே பொடி உப்பைத் தூவுங்கள். எங்கும் சீராக ஒட்டினால் சுத்தம்; திட்டுத்திட்டாக விட்டுப்போன இடத்தில் எண்ணெய் இருக்கிறது. கழுவிய டம்ளரைத் துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுவதே நல்லது.

பச்சை பாட்டிலில் வந்த லாகருக்கு ‘எரிந்த ரப்பர் வாடை, தரமற்ற தயாரிப்பு’ என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். வாடை உண்மைதான். ஆனால் அது ஆலையில் பிறந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மத்தை உண்டாக்கும். அதன் நாற்றம்தான் இது. பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சை கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி தடுக்கவே தடுக்காது. கடை வாசலில் வெயில் படும்படியோ குழல்விளக்கின் அடியிலோ அடுக்கியிருந்தால் நல்ல பீரும் இப்படி ஆகும். அட்டைப்பெட்டிக்குள் இருந்த பாட்டிலையோ கேனையோ கேட்டு வாங்கினால் தீர்ந்தது.

ஈர அட்டை வாடை வந்தால் அது பழசு; வெப்பமான கிடங்கில் கிடந்திருக்கும். சேமிப்பு வெப்பம் பத்து டிகிரி கூடினால் பீர் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். வெண்ணெய் மணம் லாகரில் தெளிவாக அடித்தால் நொதித்தல் முடியும் முன்பே ஈஸ்ட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று கொள்ளலாம். வினிகர்ப் புளிப்பு டிராஃப்ட் பீரில் வந்தால் முதலில் கழுவாத குழாயைச் சந்தேகியுங்கள்.

கோதுமை பீருக்கு வருகிறேன். பவேரியாவின் ஹெஃபெவைஸன் கலங்கலாகத்தான் இருக்கும். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். முக்கால்வாசியைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலோடு மெல்லச் சுழற்றி, அடிமண்டியையும் சேர்த்து ஊற்றுவதுதான் முறை. அதில் எழும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் யாரும் சேர்த்தவை அல்ல, அந்த ஈஸ்ட்டின் வேலை. எலுமிச்சைத் துண்டு போட்டால் நுரையும் போகும், அந்த மணமும் மறையும். மியூனிக்கில் இதை வெள்ளைச் சாசேஜோடும் இனிப்புக் கடுகு விழுதோடும் முற்பகலிலேயே அருந்துவது வழக்கம். கிராம்பும் பட்டையும் போட்ட நம் குருமாவுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, ‘காரமான சாப்பாட்டுக்குக் கசப்பான ஸ்ட்ராங் பீர்’ என்ற பரிந்துரை. அதைக் கேட்டு நடந்தவர் வாய் வெந்திருக்கும். மிளகாயின் காரமும் மிளகின் காரமும் வாயில் சூட்டை உணரும் ஒரே நரம்பு ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. ஏறத்தாழ 42 டிகிரி சூட்டில் விழிக்கும் அந்த ஏற்பியை, மது 34 டிகிரிக்கு அருகிலேயே விழிக்க வைக்கிறது. அதாவது உடல் சூடே எரிச்சலாகத் தெரியும். கரிய‌மில வாயுவின் குத்தல் ஒருபுறம், ஹாப்ஸ் கசப்பு மறுபுறம் அதை இன்னும் கூட்டும். மிளகாயின் காரம் மதுவில் கரையும் என்பது சரி. ஆனால் எட்டு சதவீத பீரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், கழுவிக்கொண்டு போகாது. மிளகு கோழி, மட்டன் சுக்கா போன்றவற்றுக்கு 5 சதவீதத்தை ஒட்டிய, கசப்பு குறைந்த, மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இனிப்பு தெரியும் பீர் வேண்டும். மியூனிக்கின் வெளிர் லாகரான ஹெல்லஸ் ஒன்று. ரொட்டியின் கருகிய விளிம்பு போல மணக்கும் கருநிற லாகரான டுங்கெல் இன்னொன்று. பரோட்டா சால்னாவுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

கசப்புக்கு வேறு வேலை இருக்கிறது: எண்ணெயை அறுப்பது. 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்ஸன் நகரில் ஜோசப் க்ரோல் என்ற பவேரியர் வடித்த வெளிர் லாகர்தான் எல்லா பில்ஸ்னருக்கும் தாய். மென்மையான நீரும் சாட்ஸ் வகை ஹாப்ஸும் சேர்ந்த அந்த பில்ஸ்னர் உர்க்கெல் இன்றும் 4.4 சதவீதம்தான். நெத்திலி வறுவல், வெங்காய பஜ்ஜி, காரம் குறைத்துப் பொரித்த வஞ்சிரம் எதற்கும் பொருந்தும். உப்பு கசப்பைத் தணிப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

கடைசி இடம் பெற்ற ஸ்டவுட் நமக்கு அந்நியமானதல்ல. இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம், நுவரெலியா மலையில் தொடங்கிய ஆலையின் பீர், இன்று கொழும்புக்கு அருகே பியகமவில் தயாராகிறது. பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் இதை வெளியுலகுக்கு எடுத்துச் சொன்னார். பி.ஜே.சி.பி. வகைப்பாட்டில் ‘டிராப்பிக்கல் ஸ்டவுட்’ என்ற தனிப் பிரிவுக்கு இதையும், சிங்கப்பூரின் ஏ.பி.சி. ஸ்டவுட்டையும் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். இந்த வகை ஐரிஷ் ஸ்டவுட்டைவிட இனிப்பு. வெல்லப்பாகு, காபி, உலர்பழம் எல்லாம் தெரியும். 12 டிகிரியில் குடித்தால்தான் அவை தெரியும், 4 டிகிரியில் கருகல் மட்டுமே மிஞ்சும். யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூளும் இதிலுள்ள வறுத்த மால்ட்டும் மணத்தில் சொந்தக்காரர்கள். ஆனால் மது அதிகம் என்பதால் மிளகாயைப் பாதியாகக் குறைத்த இறைச்சிக் கறிதான் சரி. அதைவிடச் சிறந்தது, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பம்.

அடுத்த பட்டியல் போடும்போது, பெயரை மறைத்து, ஆளுக்கு 60 மில்லி வீதம், ஒரு அமர்வில் ஆறு பீருக்கு மேல் போகாமல் சுவையுங்கள். கசப்பும் மதுவும் குறைந்ததில் தொடங்கி ஸ்டவுட்டில் முடியுங்கள். ஊற்றியவுடனே முகர வேண்டும். சில மணங்கள் அரை நிமிடத்தில் பறந்துவிடும். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும், ஊறுகாய் வேண்டாம். ஃபில்டர் காபியோ வெற்றிலையோ முடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். சுவைத்தவர்கள் வண்டி ஓட்டக் கூடாது. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் பீரின் வகை, பாட்டிலில் அச்சிட்ட தயாரிப்புத் தேதி, பரிமாறிய வெப்பநிலை, பாட்டிலா கேனா என்ற நான்கையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புதுச்சேரி