பீஸ் கட்டையைப் பிடுங்கும் தேதி

டெட்ராய்ட், மிச்சிகன்
ஜனவரி 19

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு நீங்கள், பெரியம்மா, வீட்டில் எல்லோரும் நலமா? உங்கள் கடிதம் கிடைத்தது. கரண்ட் பில் கட்ட முடியாத குடும்பங்களுக்கு நம் சங்கத்திலிருந்து உதவலாமா, பணத்தைக் கையில் கொடுத்தால் வேறு செலவுக்குப் போய்விடாதா, அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்மூரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். இங்கே கரண்டுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் சேர்த்து ஒன்று என்று தனித்தனியாக பில் வரும். மிச்சிகனில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது கேஸில் எரியும் ஃபர்னஸ். ஜூலையில் கேஸ் பில் வந்ததே தெரியாது, ஜனவரியில் அதுவே பல மடங்காகிவிடும். அந்தச் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறியோ கரண்டில் ஓடுகிறது. ஆகவே கேஸ் பில்லை ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், கரண்ட் போனால் வீடு குளிர்ந்துவிடும். வெளியே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போகிற நாளில் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது, பனி இளகும்போதுதான் வீடெல்லாம் தண்ணீராகும். சில நூறு டாலர் பாக்கி ஆயிரக்கணக்கான டாலர் ரிப்பேரில் போய் முடியும்.

அதனால் மாநில விதியிலேயே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வருமானம் குறைந்தவர்கள் பதிவு செய்துகொண்டு, ஒரு வருடத்துக்கு ஆகும் என்று மதிப்பிட்ட தொகையில் 7 சதவீதத்தையும் பழைய பாக்கியில் ஒரு பகுதியையும் மாதாமாதம் கட்டிவந்தால் கரண்ட், கேஸ் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. வருடக் கணக்கு 2,000 டாலர் என்று வையுங்கள். மாதம் 140 வீதம் ஐந்து மாதத்தில் 700 கட்டியிருப்பார்கள். குளிர்காலத்தில் உண்மையில் ஓடியது 1,300 என்றால், ஏப்ரலில் 600 டாலர் பாக்கி நிற்கும். இது தள்ளிவைப்புதான், தள்ளுபடி இல்லை. இதை நவம்பரிலேயே எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத வீடுகள் வசந்தத்தில் இருட்டாகின்றன.

இனி தர்மப் பணத்துக்கு வருகிறேன். அரசுப் பணம் உண்டு, மத்திய அரசின் எரிபொருள் உதவித் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. ஆனால் தகுதி உள்ளவர்களில் சிறு பகுதிக்குத்தான் அது எட்டுகிறது. மீதியைத் தாங்குவது சால்வேஷன் ஆர்மி, வின்சென்ட் தே பவுல் சபை, அங்கங்கே இருக்கும் சர்ச்சுகள், 1985-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய 'ஹீட் அண்ட் வார்ம்த் ஃபண்ட்' போன்ற அமைப்புகள். 211-க்கு போன் செய்தால் எந்தக் கதவைத் தட்டலாம் என்று வழிகாட்டுவார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இவர்கள் வைத்திருக்கும் பதில் எளிது. பணம் குடும்பத்தின் கைக்கே போவதில்லை. உதவுகிறவர்கள் கரண்ட் அல்லது கேஸ் கம்பெனிக்கு போன் செய்து, கணக்கு எண்ணைச் சொல்லி, இந்தக் கணக்கில் இவ்வளவு நாங்கள் கட்டுகிறோம் என்று பதிவு செய்வார்கள். இதற்கு 'ப்ளெட்ஜ்' என்று பெயர். பாக்கிக்கு அது ஈடாகிவிட்டால் துண்டிப்பை நிறுத்திவைப்பார்கள், செக் பிறகு நேராகக் கம்பெனிக்குப் போகும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். 640 டாலர் கட்டினால்தான் இணைப்பைத் துண்டிக்காமல் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சர்ச் 150 தரும், இன்னொரு அமைப்பு 200 தரும், வீட்டில் 100 புரட்டலாம். மொத்தம் 450. மீதி 190 கிடைக்காவிட்டால் மற்றவர்களும் பின்வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் தங்கள் பணத்தைப் போட்டும் கரண்ட் போகுமென்றால் அது வீண் என்பது அவர்கள் விதி. அதில் நியாயம் இருக்கிறது. அதனால் செய்கிற வரிசை முக்கியம். குடும்பம் தன் பங்கை முதலில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சின்னத் தொகை தருபவர்களிடம் 'மீதி சேர்ந்தால் தருகிறோம்' என்ற வாக்கு வாங்க வேண்டும். பெரிய தொகை தருபவரிடம் கடைசியாகப் போய், இவ்வளவு சேர்ந்துவிட்டது, இடைவெளி இவ்வளவுதான் என்று தாளைக் காட்ட வேண்டும். யார் பேசினார், எந்தத் தேதி, எவ்வளவு, எதுவரை செல்லும் என்று ஒரே தாளில் எழுதி வைக்காவிட்டால் இது நடக்காது. ப்ளெட்ஜுக்குக் காலக்கெடு உண்டு. ஒன்று காலாவதியானால் மொத்தமும் சரியும். பில் பழைய குடித்தனக்காரர் பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருந்து விண்ணப்பம் திரும்பி வருவது வாடிக்கை. எதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பில்லில் இருக்கும் பெயரைத்தான்.

என் மனதை உறுத்துவது வேறு ஒன்று, பெரியப்பா. இங்கே நிறைய உதவிகளுக்குத் துண்டிப்பு நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வேலை போன முதல் வாரத்திலேயே பொறுப்பாக வந்து, அடுத்த மாதம் என்னால் கட்ட முடியாது என்று சொல்பவரை, நோட்டீஸ் வந்தபின் வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கவரைப் பிரிக்காமல் மேசையில் போட்டவருக்குக் கதவு திறக்கிறது. இது தலைகீழ். பொறுப்பு வேண்டும் என்று சொல்கிறவர்கள் பொறுப்பாக வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நம் சங்கம் இந்த ஒரு தப்பை மட்டும் செய்ய வேண்டாம்.

பணம் போடுவதற்கு முன் பில் ஏன் ஏறியது என்று பார்க்கிறவர்களைத்தான் நான் மதிக்கிறேன். மீட்டரைப் பார்த்து எடுத்த ரீடிங்கா, உத்தேசமாகப் போட்டதா என்று பில்லிலேயே குறித்திருக்கும். உத்தேசமாக இருந்தால் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பித் திருத்தச் சொல்லலாம். தண்ணீர் பில் காரணமில்லாமல் ஏறினால் முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க். மேல் மூடியை எடுத்து, நாம் கேசரிக்குப் போடும் கலர் பொடி ஒரு சிட்டிகையை உள்ளே கரைத்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால், டேங்க் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்து கடினமாகிவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்பு படிந்த விளிம்பில் விரலை ஓட்டினாலே சொரசொரப்பு தெரியும். இந்தக் கசிவில் ஒரு நாளைக்கு 200 காலன், அதாவது 750 லிட்டருக்கு மேல் போகலாம். சில டாலரில் புது ரப்பர் வாங்கி, தண்ணீரை மூடி, பழையதைக் கழற்றி மாட்டினால் கால் மணி நேர வேலை. கரண்ட் பில் ஏறியிருந்தால் அறையில் ஹீட்டர் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 1,500 வாட் ஹீட்டர் தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 450 யூனிட். ஃபர்னஸில் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அடைத்துக் கிடந்து வீடு சூடாகாததால்தான் பல வீடுகளில் ஹீட்டர் வாங்கியிருப்பார்கள். கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்துவைத்துக் குளிர் காய்பவர்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேர்ந்து உயிரே போகலாம், அதைக் கண்ட இடத்திலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இந்த டெட்ராய்ட் நகர நிர்வாகம் 2013-ல் திவாலானது. மறு வருடம் 150 டாலருக்கு மேலோ 60 நாளுக்கு மேலோ பாக்கி வைத்த வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தத் தொடங்கி, அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது. அப்போது இரண்டு பெண்கள் ட்விட்டரில் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். கொடுக்க விரும்பும் முகம் தெரியாத ஒருவருக்கு, கட்ட முடியாத ஒருவரின் கணக்கைக் காட்டி, நேரடியாக அந்த பில்லையே கட்டவைத்தார்கள். யாரும் யாருடைய கையையும் ஏந்தவைக்கவில்லை. அருமையான காரியம். ஆனாலும் ஒழுகும் டேங்க் ஒழுகிக்கொண்டே இருந்தால் அடுத்த பில்லும் அதே தொகையில்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரியில் இதே மாநிலத்தில் பே சிட்டி என்ற ஊரில், தனியாக வாழ்ந்த 93 வயது முதியவர் தன் வீட்டுக்குள்ளேயே குளிரில் இறந்து கிடந்தார். பாக்கிக்காக மீட்டரில் அளவுக்கட்டுப்பாட்டுக் கருவி மாட்டியிருந்தார்கள். அளவை மீறினால் அது கரண்டை நிறுத்திவிடும், வெளியே போய் மீட்டர் அருகில்தான் மறுபடி போட முடியும். பில்லோடு பணத்தைச் சேர்த்து கிளிப் போட்டு மேசையில் வைத்திருந்தார். கட்டப் பணம் இருந்தது, கொண்டுபோய்க் கட்ட ஆள் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு நன்கொடை தேவையில்லை, மாதம் ஒருமுறை கதவைத் தட்டும் ஆள்தான் தேவை.

நம்மூரில் இணைப்பு எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்பதால் உங்கள் வேலை சுலபம். எண்ணை வாங்கி நீங்களே கட்டி, ரசீதை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடைசித் தேதி வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். குடும்பம் சிறு தொகையாவது போடட்டும், முடியாதவரை வற்புறுத்த வேண்டாம். பணம் கட்டும் அன்றே சங்கத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் அந்த வீட்டு வயரிங்கையும் ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது. உதவி பெற்றவர் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம், கணக்கில் இணைப்பு எண் மட்டும் இருந்தால் போதும்.

பெரியம்மாவின் கண் ஆபரேஷன் எந்தத் தேதி என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்