வால்பாறைக் கிளையின் நாஸ் சர்வரைக் கண்காணிக்காமல் விட்டது தொடர்பான புகார்

அனுப்புநர்
நிர்வாகி,
ஸ்கேன் மையம், கோயம்புத்தூர்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சர்வர் பராமரிப்புப் பிரிவு, சென்னை.

பொருள்: ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தப்படி கவனிக்க வேண்டிய நாஸ் சர்வர் செயலிழந்து நோயாளிகளின் படங்கள் அழிந்தது குறித்து.

ஐயா,

கோவை தவிர வால்பாறை, கோத்தகிரி, கூடலூர் ஆகிய மூன்று ஊர்களிலும் எங்களுக்குக் கிளைகள் உண்டு. அங்கே எடுக்கும் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் படங்கள் அந்தந்தக் கிளையின் நாஸில், அதாவது நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டியில், சேரும். இரவில் கோவைக்கு பேக்கப் ஆகும். மூன்றையும் சென்னையிலிருந்தே பார்த்துக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னதால்தான் ஒப்பந்தம் போட்டோம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அடிக்கடி போய்ப் பார்த்துவர எங்களிடம் ஆள் கிடையாது.

ஜூன் 18 காலையில் வால்பாறைப் பெட்டி விடாமல் பீப் அடித்தது. அங்கிருக்கும் டெக்னீஷியன் உங்கள் ஹெல்ப்டெஸ்க்கைக் கூப்பிட்டு, இரண்டாவது டிஸ்க்கின் விளக்கு சிவப்பாக எரிகிறது என்றும் சொல்லியிருக்கிறார். "பீப் ஆஃப் பட்டனை அழுத்துங்க, சத்தம் நின்னுடும்" என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். அழுத்தினார், சத்தம் நின்றது. அன்றைக்கே டிக்கெட்டை மூடிவிட்டீர்கள்.

ஜூலை 7 அன்று இன்னொரு டிஸ்க்கும் போனது. நான்கு 4 டிபி டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்ந்து இயங்கும்படி ரெய்டு 5 முறையில் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டாவதும் போனால் மொத்தமும் போய்விடும். நான்கும் ஒரே நாளில் ஒரே லாட்டில் வாங்கியவை என்பதால், ஒன்று பழுதானால் மற்றவையும் அதே வயதில்தான் இருக்கும். அதனால்தான் பெட்டி வைக்கும்போதே, கொள்ளளவு 12 டிபியிலிருந்து 8 டிபியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள் என்று மெயிலில் கேட்டோம். தேவையில்லை என்றார் உங்கள் இன்ஜினியர். சரி, ரெய்டு 5 ஆகவே இருக்கட்டும். ஜூன் 18 அன்றே ஒரு புது டிஸ்க் அனுப்பியிருந்தால்கூட இன்றைக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது. உங்களுக்கு 19 நாள் இருந்தது.

பெட்டி தன் கடமையைச் செய்திருக்கிறது. டிஸ்க் பழுதானபோதும் அதற்குப் பிறகும் அலர்ட் மெயில் அனுப்பியிருக்கிறது. அவையெல்லாம் உங்களிடம் வேலையை விட்டுப் போன ஒருவரின் மெயில் ஐடிக்குப் போய்க்கொண்டிருந்தன. இது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். அதைவிட மோசம், பேக்கப் மே 21 அன்றே நின்றிருக்கிறது. மலையில் இன்டர்நெட் விட்டு விட்டு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் மணிக்கு நாலரை ஜிபிதான் போகும், நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அப்படித் தொடர்கிறதா என்று தினமும் காலையில் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். நாங்கள் பணம் கட்டியது அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

மே 21 முதல் ஜூலை 7 வரை எடுத்த படங்கள் இப்போது இல்லை. போன வாரம் ஒரு எஸ்டேட் தொழிலாளி மறு ஸ்கேனுக்கு வந்தார். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஜூன் மாதப் படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். பழைய படம் இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர். கர்ப்பிணிகளின் ஸ்கேன் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் சொல்கிறது. அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

அப்புறம் இன்னொன்று. கூடலூர் ரவுட்டரில், விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமலே வெளியிலிருந்து நாஸின் அட்மின் பக்கத்துக்கு வர போர்ட் திறந்து வைத்திருந்ததை நேற்று கண்டுபிடித்து மூடினோம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் இப்படி இணையத்தில் வெளியே தெரிந்த நாஸ்களைப் பூட்டி, ஒவ்வொன்றுக்கும் 0.03 பிட்காயின் கேட்டது உங்கள் துறையில் எல்லோரும் அறிந்த விஷயம். உங்கள் வேலை சுலபமாக வேண்டும் என்பதற்காக எங்கள் நோயாளிகளின் படங்களை இப்படித் திறந்து போட்டது எந்த விதத்தில் நியாயம்?

டேட்டா ரெகவரிக்கு ஆகும் முழுச் செலவையும் நீங்கள் ஏற்க வேண்டும். வால்பாறைக்கான இந்த ஆண்டு ஏஎம்சி தொகையைத் திருப்பித் தர வேண்டும். மூன்று பெட்டிகளின் அட்மின் பாஸ்வேர்டும் எங்களிடம் வர வேண்டும். அலர்ட் மெயில்கள் உங்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே வரும்படி மாற்ற வேண்டும். ஜூன் 18 அழைப்பை எடுத்தவர்மேல் மட்டும் பழியைப் போட்டு முடித்துவிடாதீர்கள். சிவப்பு விளக்கு என்று கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றே நினைக்கிறோம். அதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை.

15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம். பழுதான இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று எழுதி ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். மற்ற இரண்டும் அணைத்துவைத்த பெட்டியிலேயே இருக்கின்றன. ரெகவரிக்குப் போகும்வரை உங்கள் தரப்பில் யாரும் அதை ஆன் செய்யவோ, ரீபில்ட் (டிஸ்க்குகளில் தகவலை மறுபடி எழுதுவது) போடவோ வேண்டாம்.

இப்படிக்கு,
நிர்வாகி