அப்பாவுக்குக் குறைந்திருப்பது நினைவு அன்று

தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா, நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டாமா என்று நீ கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் முடித்துவிடக் கூடிய செய்தி இல்லை என்பதால் எழுதுகிறேன். நம் நூலகத்துக்கு மனித உடலியல், மனம், ஐம்புலன்கள் ஆகியவை பற்றிப் புதிய புத்தகங்கள் வந்திருக்கின்றன. நூலகர் எண் ஒட்டி அலமாரியில் வைத்த உடனேயே எடுத்து வந்து, அவசரமில்லாமல் படித்து வருகிறேன். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நாம் கட்டும் நூலக வரி இப்படி நம் கைக்கே திரும்பி வருவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மக்களே: அப்பாவின் நினைவில் எனக்குக் குறை தெரியவில்லை, குறைந்திருப்பது செவி.

உள்காதில் சுருண்டு கிடக்கும் காக்ளியாவை நீட்டி வைத்தால் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு காதிலும் ஒலியை உணரும் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்வரிசை ஒன்றும் வெளிவரிசை மூன்றுமாக நிற்கின்றன. உள்ளே ஓடும் ஒலி அலை எந்த இடத்தில் உச்சம் கொள்கிறதோ அதைப் பொறுத்தே ஒலியின் சுருதி நமக்குப் பிரிந்து தெரிகிறது. காக்ளியாவின் வாயிலோரத்தில் சுருதி உயர்ந்த ஒலிகளும் உள்முனையில் சுருதி தாழ்ந்த கனத்த ஒலிகளும் பதிகின்றன. இந்த அலையின் போக்கைக் கண்டறிந்ததற்காகத்தான் பேக்கேசி என்ற ஹங்கேரிய அறிஞருக்கு 1961இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதுமையும் இரைச்சலும் பெரும்பாலும் முதலில் கெடுப்பது அந்த வாயில் பக்கத்துச் செல்களை. கோழிகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மறுபடி முளைத்துவிடுகின்றன என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை, பிறக்கும்போது கிடைத்தவற்றை வைத்தே வாழ்நாளைக் கழிக்க வேண்டும். அப்பாவோ பணிக்காலம் முழுவதும் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும் பழைய பேருந்துகளை ஓட்டியவர். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் எடுத்த ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், இரண்டு காதுகளுக்கும் கோடு உயர்ந்த ஒலிகளுக்குரிய வலப்பக்கம் சரிகிறது. இன்ஜின் பக்கம் இருந்த இடக்காதுக்கு 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் இன்னும் ஆழமாக இருக்கிறது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளமே அந்தப் பள்ளம்தான்.

உயிரொலிகள் கனத்தவை, அவை அவருக்கு நன்றாகவே கேட்கின்றன. சொல்லின் தலையில் நிற்கும் க, ச, த, ப போன்ற மெல்லிய உரசலும் வெடிப்பும் உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவைதான் போய்விடுகின்றன. கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் இப்போது அவர் காதில் ஏறக்குறைய ஒரே சொல்லாகத்தான் விழும். கோயில் மணி கேட்கிறது, வாசலில் லாரி வந்து நிற்பது கேட்கிறது, உன் மகள் 'தாத்தா' என்று கூப்பிடுவது மட்டும் கேட்கவில்லை என்றால், அவருக்குப் பேத்தி மேல் அக்கறையில்லை என்று நீ வருந்தக் கூடாது. குழந்தையின் குரல் உயர்ந்தது. போதாததற்குச் சாதாரண போன் இணைப்பு நெடுங்காலமாக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தி வந்திருக்கிறது. அவருக்கு எது தேவையோ அதையே அது வெட்டிவிடுகிறது.

முதலில் கேட்கவில்லை என்பார், சற்று உரக்கச் சொன்னால் ஏன் கத்துகிறாய் என்று கோபப்படுவார் என்று நீ குறைப்பட்டாய் அல்லவா? அதற்கும் காரணம் இருக்கிறது. வெளிவரிசைச் செல்களின் வேலை மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது. அவை போனபின் மெல்லிய ஒலி எட்டுவதில்லை. உரத்த ஒலியோ முன்போலவே உறைக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆகவே அவரோடு பேசும்போது சத்தத்தைக் கூட்டுவதில் பயனில்லை; நிதானமாக, சொற்களைப் பிரித்துப் பேச வேண்டும்.

மனம் பற்றிய புத்தகம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் பார்வைச் செல்லே இல்லை. ஆனாலும் உலகத்தில் ஓட்டை இருப்பதாக நமக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. பேச்சிலும் இதே வேலையை அது செய்கிறது. விடுபட்ட எழுத்தை இடம் பார்த்து ஊகிக்கிறது, உதட்டசைவையும் சேர்த்துக்கொள்கிறது. 1976இல் மக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர், 'ப' என்ற ஒலியை 'க' என்று அசையும் உதடுகளோடு சேர்த்துக் காட்டியபோது, பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமல்லாத 'ட' போன்ற ஒலி கேட்டது. ஆக, கேட்பது காதின் வேலை மட்டும் அன்று. அப்பா நாள் முழுவதும் இப்படி ஊகித்து ஊகித்தே எங்களோடு உரையாடுகிறார். கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அவர் சோர்ந்து மௌனமாகிவிடுவது இந்த உழைப்பால்தான். காதில் சரியாக விழாத செய்தி மனத்தில் பதிவதற்கும் வழியில்லை. நீ சொன்னதை அவர் மறந்தார் என்பதைவிட, அது அவரிடம் வந்து சேரவே இல்லை என்பதுதான் பொருத்தம். நாகர்கோவிலிலிருந்து பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று களியக்காவிளை வரை ஒரு நிறுத்தம்கூட விடாமல் இன்றும் சொல்கிறார். நேற்று எழுதிக் கொடுத்த கடைச் சாமான்களையும் இன்று வரிசையாகச் சொன்னார்.

வந்த புத்தகங்கள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். ஒன்றில் நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற பழைய படத்தை இன்னும் அச்சிட்டிருக்கிறார்கள். சுவை மொட்டுகள் உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையையும் அறியும் என்பது எப்போதோ உறுதியாகிவிட்டது. அதனால் ஒரு நூல் சொல்வதை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உனக்கு எழுதுகிறேன்.

நினைவுப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிமென்ஷியா என்னும் மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2020இல் கூறிய, நம்மால் மாற்றக்கூடிய 12 காரணங்களுள் செவிக்குறையும் ஒன்று. அப்படியிருக்க, காதைக் கவனிக்காமல் விடுவதுதான் அச்சத்துக்குரியது. அதோடு, அந்தப் பரிசோதனையில் பெரும்பாலான கேள்விகளை வாயால்தான் கேட்பார்கள். கேள்வி விளங்காதவர் விடை தவறினால் அதை மறதி என்று எழுதிவிடக் கூடும். முதலில் செவிக்கருவி, அதன்பின் மற்றது என்ற வரிசையே சரியென்று எனக்குப் படுகிறது.

மருத்துவர் இரண்டு காதுக்கும் கருவி சொல்லியிருக்கிறார்; அப்பா வேண்டாம் என்கிறார். என் பேச்சைவிட உன் பேச்சுக்கு அவர் இணங்குவார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. ஜன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்துகொள். டிவியை நான் நிறுத்தி வைக்கிறேன். கருவி மாட்டியதும் பழைய காது அப்படியே திரும்பும் என்று மட்டும் சொல்லிவிடாதே. முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் பெரிதாகத் தெரியும், நெடுநாள் கேளாதிருந்த ஒலிகளுக்கு மூளை மெல்ல மெல்லத்தான் பழகும் என்பதை முன்கூட்டியே சொல். இல்லையென்றால் இரண்டாம் நாளே கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா