அரிவாளுக்கு முன்னால் ஆளைக் காட்டுங்கள்

அன்புள்ள இளம் இயக்குநர்களே,

உங்களில் பலர் இயக்குநர் பாலாவை ஆதர்சம் என்று சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் படங்களில் அவரிடமிருந்து வந்திருப்பது தாடியும் அழுக்குச் சட்டையும் ரத்தமும்தான். அந்த மனிதர்கள்மீது அவர் வைத்த பரிவு வரவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

'பிதாமகன்' (2003) சித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டில் வளர்ந்தவன். பிணம் எரிப்பது அவனுக்குப் பயமுறுத்தும் வித்தை இல்லை, தொழில். பேச்சு வராத அவனுக்குச் சிறையில் ஒரு வாயாடி மோசடிக்காரன் துணையாகிறான். ஊர் ஒதுக்கிய ஒருவனை, ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் இன்னொருவன் மனிதனாக நடத்துகிறான். அந்த நட்பை நமக்கு ஊட்டிய பிறகுதான் படம் வன்முறைக்குப் போகிறது. சித்தனாக நடித்த விக்ரமுக்குத் தேசிய விருது கிடைத்தது உறுமலுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அன்பு காட்டப்பட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் அந்தக் கண்களுக்கும் சேர்த்துத்தான்.

'நான் கடவுள்' (2009) இன்னும் துணிச்சலானது. பிச்சையெடுக்க வைக்கப்பட்டவர்களாக உடல் ஊனமுற்றவர்களையே நடிக்க வைத்தார். அவர்கள் அழுவதற்காக மட்டும் படத்தில் இல்லை. ஒருவரையொருவர் கிண்டலடிக்கிறார்கள், முதலாளியைத் திட்டுகிறார்கள், கடவுளையே வம்புக்கு இழுக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்ட பார்வையாளரால் அதன்பின் அவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு நகர முடியாது. அதே படம் சாவை விடுதலையாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நிராதரவான ஒரு பெண்ணுக்கு மரணத்தைத் தவிர வழியில்லை என்பது பரிவு ஆகாது. அதைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள்.

'பரதேசி'யில் (2013) தேயிலைத் தோட்டத்தில் சிக்கிய ராசாவிடம் அவன் காதலித்த அங்கம்மாவும் அவர்கள் பிள்ளையும் வந்து சேர்கிறார்கள். பிரிந்தவர்கள் சேரும் அந்த இடத்தில்தான் அவன் கதறுகிறான், அவர்களும் இனி அடிமைகள் என்பதால். அங்கே அடிதடி இல்லை, ஆனாலும் அவர் எடுத்த காட்சிகளிலேயே கொடூரமானது அதுதான் என்பேன்.

உங்கள் அடுத்த கதையில் ஒரு கூலிப்படைக்காரன் வந்தால், அவன் காலையில் எங்கே சாப்பிட்டான், வீட்டில் யார் அவனோடு பேசுவதில்லை, இந்தத் தொழிலில் அவனை யார் இறக்கிவிட்டது என்பதையும் எழுதுங்கள். மாற்றுத்திறனாளி பாத்திரம் இருந்தால் நடிக்க அவர்களையே தேடுங்கள். நியாயமான சம்பளம் கொடுங்கள், எழுத்துப் போடும்போது அவர்கள் பெயரையும் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்கு முதல் நாளே வரும் ஒரு ரசிகை