எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும்

சயான், மும்பை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று அந்தேரிக்குப் போய், நீ படம் அனுப்பிய சாம்பல் நிற, பழைய பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ் காரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதை வாங்காதே. தொலைபேசியில் இதைச் சொன்னால் "சரி அப்பா" என்பாய். அடுத்த வாரமே வேறோர் ஊரில் இதே போன்ற இன்னொன்றைத் தேடிப் பிடிப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. 2019 பதிவு, ஒரே உரிமையாளர், 38 ஆயிரம் கிலோமீட்டர், பெயின்ட்டில் ஒரு கீறல் கிடையாது. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். அன்றாடம் யாரும் அதை அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. வண்டியைக் கழுவி விற்பவர்களும் அதை மறந்துவிடுவார்கள். கடைசி ஒரு முழத்தில், நாடாவின் குறுக்கே காப்பிக் கறை போல ஒரு கோடு இருந்தது. அடுத்து டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினேன். இந்தக் காருக்குப் பேட்டரியே அங்கேதான் இருக்கிறது. அதன் மூலையில் வண்டல் மண், விரலில் தேய்த்தால் மாவு போல நைந்தது. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துருவும், அவற்றைக் கழற்றி மாட்டிய ஸ்பேனர் தடமும் தெரிந்தன. விற்க வந்த பையனிடம் கேட்டேன். வாட்டர் வாஷ் செய்ததால் இருக்கலாம் என்றான். வாட்டர் வாஷ் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்காது, வெள்ளம்தான் சேர்க்கும். அவனிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. அவனுக்கு அந்த வண்டியின் கதை தெரிந்திருக்காது.

எனக்கு ஏன் முதலில் பெல்ட் நினைவுக்கு வருகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நீ அன்று பள்ளியிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் அம்மாவின் கையைப் பிடித்து வந்தாய். மறுநாள் தொடங்கி நான்கு மாதம் நான் பார்த்ததெல்லாம் மூழ்கிய வண்டிகள்தான். காலினா, குர்லா, காந்தி மார்க்கெட் என்று போகிற இடமெல்லாம் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எழுதுவதே என்னைப் போன்ற காப்பீட்டு சர்வேயரின் முதல் வேலை. தரை மட்டமா, இருக்கை மட்டமா, டாஷ்போர்டு மட்டமா? அந்தக் கோட்டைப் பொறுத்தே பணம் தீர்மானமாகும். இருக்கைக்கு மேல் ஏறியிருந்தால் பெரும்பாலும் முழு நஷ்டம் என்று எழுதினோம். அப்படி எழுதிய வண்டிகள் உடைசலுக்குப் போகவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஏலத்தில் எடுத்தார்கள், காய வைத்தார்கள், மழை பெய்யாத ஊர்களுக்கு அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போட்டு முடித்த ஒரு செடான் மறு ஆண்டு வேறோர் ஊரில் விபத்தில் சிக்கி, அதே சேசிஸ் எண்ணோடு ஒரு கோப்பில் என் மேசைக்குத் திரும்பி வந்தது. அதை வாங்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர். காற்றுப்பை விரியவில்லை. அந்தக் கோப்பின் எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

நீ இருப்பது பெங்களூரின் பெல்லந்தூர். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் அங்கே என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. யெமலூர்ப் பக்கம் கோடிக்கணக்கில் விலையுள்ள கார்களின் கூரை மட்டும் தெரிந்த படங்களை நீதான் எனக்கு அனுப்பினாய். மும்பை வண்டியை நான் சந்தேகிப்பது போலவே பெங்களூரு வண்டியை நீ சந்தேகிக்க வேண்டும்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். புதியதா, பழையதா?

புதிய 5 சீரிஸ் 2024 ஜூலையில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 72 லட்சத்து 90 ஆயிரம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்று ஆகி, ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து வாங்கிய பழைய செஸ் போனதால் விலை சற்று இறங்கியது. ஆனால் கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அது மட்டுமே 13 லட்சத்தை ஒட்டி வரும். அதன் மேல் மாநிலச் செஸ், காப்பீடு, விற்பவர் பிடிக்கும் 1 சதவீத வரியான டி.சி.எஸ். (அது வருமான வரியில் கழிந்துவிடும்). எப்படிக் கணக்குப் போட்டாலும் வீட்டு வாசலுக்கு வரும்போது 80 லட்சத்தைத் தாண்டுகிறது. பணத்தை விடு, உனக்கு அந்த வண்டியே பொருந்தாது. இப்போது நம் நாட்டில் விற்கும் 5 சீரிஸும் மெர்சிடீஸின் புதிய இ-கிளாஸும் நீள வீல்பேஸ் வண்டிகள். 5 சீரிஸின் இரு அச்சுகளுக்கும் இடையே 3,105 மில்லிமீட்டர், மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டுகிறது. பின்சீட்டில் காலை நீட்டி அமர்ந்து கோப்பு படிப்பவருக்காகச் செய்தது. நீ ஓட்டுநர் வைத்துக்கொள்ளப் போவதில்லை. உன் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங்கில் அந்தத் தூணைச் சுற்றித் திருப்ப வேண்டியவளும் நீதான். உங்கள் ஊர் வேகத்தடைகளில் நடு வயிறு உரசுமோ என்று பயப்பட வேண்டியவளும் நீதான்.

அதற்கு முந்தைய தலைமுறை 2017இல் வந்தது. பழைய காராக அதைத் தேடுவதுதான் சரி. இந்த இடத்தில் உன் ரசனையை மெச்சுகிறேன். ஒருமுறை பழுது முடிந்த 530i வண்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஓட்டினேன். இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 252 குதிரைத்திறன். வேகத்தை விட எனக்குப் பிடித்தது அதன் ஸ்டீயரிங். முன்சக்கரங்களுக்குத் திருப்புவது மட்டுமே வேலை, தள்ளுவதைப் பின்சக்கரங்கள் பார்த்துக்கொள்கின்றன. கை நினைத்த கோட்டில் வண்டி போகிறது. செம்பூர் இறங்கும் வளைவில் நான் சிரித்தேன் என்று பக்கத்தில் இருந்த மெக்கானிக் சொன்னார். நீ பதினெட்டு வயதில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் ஆளில்லாத சாலையில் நம் மாருதி ஜென்னை ஓட்டிப் பழகியபோது உன் முகத்தில் கண்ட அதே சிரிப்பு.

ஆனால் ஒன்றை மனத்தில் எழுதிக்கொள். பழைய சொகுசுக் காரின் விலைதான் இறங்குகிறது, அதை வைத்துக் காப்பாற்றும் செலவு இறங்குவதில்லை. காப்பீட்டுப் பட்டியலில் நான்கு முடிந்து ஐந்தாம் ஆண்டு நடக்கும் வண்டிக்கு 50 சதவீதம் கழித்துத்தான் ஐ.டி.வி., அதாவது காப்பீட்டு மதிப்பு, போடுவார்கள். சந்தையும் ஏறக்குறைய அப்படித்தான் கழிக்கிறது. அதே வண்டியின் ஒரு முன்விளக்கு உடைந்தால், புதிய காரின் சொந்தக்காரர் கொடுக்கும் அதே விலையைத்தான் நீயும் கொடுப்பாய். 2007 முதல் இவற்றை நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆலையிலேயே பூட்டி எடுக்கிறார்கள் என்பதால் பாகங்கள் மலிவாகிவிடவில்லை. 35 லட்சத்துக்கு வாங்கினாலும் பணிமனைக்குள் நுழைந்ததும் அது 70 லட்சத்துக் கார். என் பணிக்காலத்தில் இதை அறியாமல் வாங்கி, முதல் பெரிய பழுதில் வண்டியை மூடிப் போட்டு நிறுத்தியவர்களை நிறையப் பார்த்தேன். தூசி படிந்து, டயர் தட்டையாகி நிற்கும். பார்க்கவே வயிறு எரியும்.

ஆகவே கையில் 40 இருந்தால் 34க்கு மேல் தேடாதே. மிச்சத்தை வைப்புநிதியில் போட்டு அதை மறந்துவிடு. பழைய காருக்குக் கடன் வட்டியும் கூடுதல். கடன் வாங்கித்தான் அந்தக் காரை எட்ட முடியும் என்றால் ஓராண்டு பொறு.

இந்த மிச்சம் எதற்கு என்று அம்மா கேட்கிறாள். எட்டு கியர் பெட்டியின் ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று கார்க்காரர்கள் சொல்வார்கள். கியர் பெட்டியைச் செய்யும் ஜெட்எஃப் நிறுவனமோ 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்று. டயர்கள் காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் வகை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் போகலாம். பெங்களூரு பள்ளங்களில் அவற்றின் பக்கச் சுவர் புடைத்துக்கொள்ளும். டயர் மட்டும் சேதமானால் சாதாரண பாலிசி பணம் தராது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 38 ஆயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் இரண்டாவது செட் என்றால், மீட்டரை நம்பாதே. சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனிப் பணிமனையில் சர்வீஸ் வரலாற்றைக் கேட்டு வாங்கு. அது வராத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கர்நாடகப் பதிவு வண்டியாகவே பார். மகாராஷ்டிர வண்டி என்றால் இங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே மறுபதிவு செய்து, அங்கேயும் ஆயுள் வரி கட்டி, இங்கே கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்து அலைய வேண்டும். வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிவதன் பாதிக் காரணம் இதுதான்.

காப்பீட்டில் நான் சொல்வதை அப்படியே செய். ஆர்.சி. உன் பெயருக்கு மாறுவதற்காகக் காத்திருக்காமல், வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடு. விற்றவர் பெயரிலேயே பாலிசியை விட்டுவைத்து, இரண்டு மாதம் கழித்து இடித்து, ஒரு ரூபாய்கூடப் பெறாமல் போனவர்களிடம் அந்தச் செய்தியைச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. ஓர் அம்மாள் என் எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். விதி அவருக்கு எதிராக இருந்தது, நான் எழுதியது சரிதான், ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவையும் எடுத்துக்கொள். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் நீர் போகும். காற்றைப் போல நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. தண்ணீர் ஏறிவிட்டால் பொத்தானைத் தொடாதே. இறங்கி நட, வண்டியைத் தூக்கி ஏற்றும் லாரியைக் கூப்பிடு.

"இது ஆடம்பரமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து டாக்சி ஓட்டினார். நம் குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி. தினமும் விடிவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரில் அதைத் துடைப்பார், கண்ணாடிக்கு மட்டும் தனித் துணி. 2023 அக்டோபர் இறுதியில் பத்மினி டாக்சிகள் சாலையை விட்டு விடைபெற்றபோது அவர் இருந்திருந்தால் அழுதிருப்பார். காரை நேசிப்பது அவரிடமிருந்து வந்தது. பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், கணக்குப் பார்த்து, உனக்குப் பிடித்ததை வாங்குகிறாய். அம்மாவுக்கு ஃபிளாட் வாங்கவில்லையே என்ற கவலை உண்டு. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ மூன்றாவதாக அனுப்பிய இந்திராநகர்ப் பதிவு வெள்ளை வண்டி, அந்த மருத்துவருடையது, அதைத்தான் பார்க்க விரும்புகிறேன். விலை நியாயம், சர்வீஸ் தாள்கள் முழுதாக இருக்கின்றன. டயர் தேதியும் பொருந்துகிறது, உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன், சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். பழைய டார்ச்சையும் பெயின்ட்டின் தடிமனைக் காட்டும் மீட்டரையும் கொண்டுவருகிறேன். முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அந்த மருத்துவரிடம் ஒன்றை மட்டும் பணிவாகக் கேட்டுக்கொள். வெள்ளி இரவு வண்டியை நிறுத்திய பிறகு, நாம் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின் முதல் பத்து விநாடியில் எழுப்பும் சத்தத்தை நான் நின்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா