சீட்டில்லாமல் கொடுத்த ரெண்டு மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 22 வருடமாக மெடிக்கல் ஷாப் நடத்தும் மருந்தாளுநர் நான். போன தையில் என் தங்கைக்கு 32-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, எடை 1.4 கிலோ. வேலூரில் ஒரு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். எட்டு நாள் நன்றாகத்தான் தேறி வந்தாள். ஒன்பதாம் நாள் பால் செரிக்கவில்லை, உடம்பு சில்லிட்டது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. பிறந்தபோது இல்லாத கிருமி, வார்டில் தொற்றியது.

ரிப்போர்ட்டை நான்தான் முதலில் படித்தேன். மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால் ‘எஸ்’, கட்டுப்படாவிட்டால் ‘ஆர்’. செஃபோடாக்ஸிம் ஆர். சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். அமிக்காசின் ஆர். மெரோபெனமும் ஆர். பாதிப் பெயர்கள் நான் தினமும் கை நீட்டி எடுக்கும் அலமாரியில் இருப்பவை. கடைசியில் கோலிஸ்டின் போட்டார்கள். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை ரத்தத்தில் அடிக்கடி பார்த்தார்கள். 19 நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வார்மரில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. அந்தத் தாய் காரிடாரில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மருந்துக்கு அடங்காதது வேறு, கிருமியின் வீரியம் வேறு என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். கிளெப்சியெல்லா தன்னைச் சுற்றி வழவழவென்று ஓர் உறை போட்டுக்கொள்ளும். வெள்ளையணுக்களுக்குப் பிடி கிடைக்காது. ரத்தத்தில் உள்ள இரும்புச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இந்த வீரியமும் மருந்தை எதிர்க்கும் குணமும் ஒரே கிருமியில் சேர்வதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024-ல் எச்சரித்திருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கோ சாதாரணக் கிருமியே எமன்.

வார்டில் அது பரவுவது பெரும்பாலும் கை வழியாக. சோப்பு போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும். பேத்தியைப் பார்க்கும் அவசரத்தில் எங்கள் அம்மாவே கழுவாமல் உள்ளே போகப் பார்த்தார்.

ஆனால் நான் எழுத வந்தது என் கடையைப் பற்றி. இங்கே தறி ஓட்டுபவர்களும் பீடி சுற்றுபவர்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரிடம் போய் உட்கார முடியாது. “ஜுரம்மா, ரெண்டு மாத்திரை குடு” என்பார்கள். டாக்டர் சீட்டு கேட்காமல் அசித்ரோமைசின் ரெண்டு, செஃபிக்ஸிம் ரெண்டு என்று ஆன்டிபயாடிக்கைக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறேன். வைரஸ் காய்ச்சலுக்கு அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்தே கொடுத்தேன். குடலில் இருக்கும் சாதுவான கிருமிகள் அதில் சாகும், எதிர்க்கத் தெரிந்தவை தங்கும். கிளெப்சியெல்லாவும் குடல்வாசிதான். அப்படித் தங்கியது தாயோடு பிரசவ வார்டுக்கும் போகும். எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றியும் கொடுக்கும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, விற்றால் தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியல் 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. செஃபிக்ஸிம் விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் அந்த நோட்டு சோதனைக்கு முந்தின ராத்திரி எழுதப்படுகிறது. அன்று வந்த பட்டியலில் அசித்ரோமைசின் இல்லை. அதற்குச் சீட்டு கட்டாயம், ஆனால் இந்தத் தனிப் பதிவேடு தேவையில்லை என்று வைத்தார்கள். எங்கள் பக்கம் அதிகம் போவது அதுதான்.

மருந்து ஆய்வாளர்கள் நோட்டை மட்டும் பார்க்காமல், மொத்த விற்பனையாளர் பில்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கிய அட்டை எத்தனை, சீட்டுக்குப் போனது எத்தனை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்கவென்றே கேரளத்தில் 2024-ல் கடைகளில் சோதனை நடத்தினார்கள். மருத்துவமனைகளும் கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைப் பெற்றோர் கேட்காமலே கையில் கொடுக்க வேண்டும். நான் மருந்துக்காரி என்பதால் கேட்டு வாங்கினேன். அந்தத் தாய்க்குக் கேட்கத் தெரியவில்லை.

மாசியிலிருந்து என் கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் இல்லை. வெறும் ஜுரம் என்றால் பாராசிட்டமால் கொடுத்து, மூன்றாம் நாளும் விடாவிட்டால் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். கோபித்துக்கொண்டு நாலு கடை தள்ளிப் போகிறார்கள். அங்கே கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.