வீட்டுச் செடிகளை அழிப்பது வறட்சியன்று, அளவுக்கு மீறிய தண்ணீரே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுக்குள் வளர்ப்பதற்கேற்ற, அதிகம் கவனிப்பு தேவைப்படாத செடிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் ஒரு செடியையாவது வளர்க்க வேண்டும் என்ற அதன் நோக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும், அச்செடிகளுக்குப் ‘பராமரிப்பே தேவையில்லை’ என்றும், அவை ‘அறையின் காற்றைத் தூய்மைப்படுத்தும்’ என்றும் கட்டுரையில் கூறப்பட்டிருப்பது வாசகர்களைத் தவறான வழியில் நடத்திவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். பல்லாண்டுகள் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அண்டை வீட்டார் கொண்டுவந்து காட்டும் வாடிய செடிகளை இன்றும் பார்த்து வருபவன் என்ற முறையிலும் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

ஸ்நேக் பிளாண்ட், இசட்இசட் செடி, மணி பிளாண்ட் ஆகிய மூன்றும் இன்று புதுமனை புகுவிழாப் பரிசாகவும் திருமணத் தாம்பூலப் பையிலும் வீடு வந்து சேர்கின்றன. வந்த சில மாதங்களில் அவற்றுள் பல அழிந்துவிடுகின்றன. அப்படி அழிந்த செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்துப் பார்த்தால் மண் பெரும்பாலும் சொதசொதவென்று ஈரமாகவே இருக்கும். வேர்கள் பழுப்பேறி, விரலால் இழுத்தால் மேல்தோல் மட்டும் உறைபோல் கழன்று வரும். புளித்த நாற்றமும் அடிக்கும். தண்ணீர் ஊற்ற மறந்ததால் மாண்ட செடியில் இந்த அடையாளங்கள் எவையும் இரா.

இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் பாதிப் பராமரிப்பு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். வேரும் சுவாசிக்கிறது; மண்துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நிற்கும் காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனைப் பெறுகிறது. நாள்தோறும் தண்ணீர் ஊற்றும்போது அந்த இடைவெளிகள் முழுதும் நீரால் நிரம்பிவிடுவதால், வேர் மூச்சுத்திணறி மடிகிறது. மடிந்த வேரில் அழுகல் பூஞ்சைகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன. வேர் மடிந்த செடியால் தன்னைச் சூழ்ந்துள்ள நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே மண் நனைந்திருக்கும்போதே இலைகள் தொய்ந்துவிடுகின்றன. வீட்டில் உள்ளவர்கள் அந்தத் தொய்வைத் தாகம் என்று எண்ணி மேலும் ஒரு குவளை ஊற்றுகிறார்கள். செடியின் கதை அத்துடன் முடிகிறது. அன்பு மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

இசட்இசட் செடியின் மண்ணைக் கிளறினால் சிறு உருளைக்கிழங்கு போன்ற மட்டத்தண்டுகள் தென்படும். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பருவங்களைக் கடப்பதற்காக அச்செடி தனக்கென நீரைச் சேமித்து வைத்திருக்கும் இடம் அது. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஸ்நேக் பிளாண்ட் தன் தடித்த இலைகளிலேயே நீரைச் சேமிக்கிறது. நம் கிராமப்புறங்களில் வேலியோரத்திலும் வறண்ட மேட்டிலும் தானாக வளர்ந்து கிடக்கும் மருள் அதன் நெருங்கிய உறவுதான். அந்த மருளுக்கு யாரும் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றியதில்லை. இத்தகைய செடிகளுக்குச் சென்னைக் கோடையில்கூடப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூன்று வாரம்கூட விட்டுவைக்கலாம். நாட்கணக்கைவிட மண்ணின் நிலையைப் பார்ப்பதே சரியான முறை. தென்னை விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் தொட்டியின் அடிவரை குத்தி, சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சியில் ஈரமண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் தேவையில்லை. ஊற்றுகிற நாளில் அடித்துளை வழியே நீர் வடியும்வரை நன்றாக ஊற்றி, தட்டில் வடிந்த நீரை அப்போதே கொட்டிவிட வேண்டும். நாளுக்குச் சிறிது என்று தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, அடிவேரைக் கவனியாமல் விட்டுவிடும்.

அடித்துளை என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பரிசுக்கடைகளில் விற்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் துளையே இல்லை. அதன் அடியில் கூழாங்கற்களைப் பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்று விற்பவர்கள் கூறுவது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கு நீர் எளிதில் இறங்காது, கற்களுக்கு மேலுள்ள மண்ணிலேயே அது தேங்கி நிற்கும். அழகான தொட்டிதான் வேண்டும் என்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதனைப் பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைக்கலாம். நர்சரிகளில் கிடைக்கும் செடிகள் பல, ஆந்திரத்தின் கடியம் போன்ற இடங்களிலிருந்து ஒட்டும் மண்கட்டியுடன் லாரியில் வருபவை. வெயிலில் உள்ள வயலுக்குப் பொருந்திய அந்த மண், காற்றோட்டமில்லாத வரவேற்பறையில் பல நாட்கள் காயாது. செடி வாங்கிய சில வாரங்களில், செம்மண், ஆற்றுமணல் அல்லது பெர்லைட் எனப்படும் இலேசான வெண்ணிறக் கல்துகள், உப்பு நீங்க அலசிய தேங்காய் நார்க்கழிவு, சிறிது மண்புழு உரம் ஆகியவற்றைக் கலந்த பொலபொலப்பான கலவைக்கு மாற்றிவிடுவது நல்லது.

நீருக்கு அடுத்தது வெளிச்சம். ‘குறைந்த வெளிச்சத்திலும் வளரும்’ என்ற வாக்கியத்தை, ‘வெளிச்சமே இல்லாத இடத்திலும் வளரும்’ என்று பொருள் கொள்வோர் ஏராளம். சன்னல் இல்லாத குளியலறையில் எந்தச் செடியும் வளராது. சேமித்த உணவைச் செலவிட்டுச் சில மாதங்கள் நிற்கும், பிறகு சரியும். நம் கண்கள் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் அறையின் வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிட முடியாது. செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, முற்பகலில் அதற்குச் சற்று மேலே கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விளிம்பு தெளிய விழுந்தால் பெரும்பாலான செடிகளுக்கு அவ்விடம் ஏற்றது. நிழல் மங்கலாகத் தெரிந்தால் ஸ்நேக் பிளாண்டும் இசட்இசட் செடியும் தாக்குப்பிடிக்கும். நிழலே விழவில்லையென்றால் அங்கே செடி வேண்டாம். வெளிச்சம் குறையக் குறையச் செடி பயன்படுத்தும் நீரும் குறையும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வடக்குப் பார்த்த சன்னலில் வெயில் படாது என்று வெளிநாட்டு நூல்களில் படித்துவிட்டு இங்கே பலர் ஏமாறுகிறார்கள். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் உள்ளதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்குச் சன்னலுக்குள் நேரடி வெயில் நுழைந்து, அக்லோனிமா போன்ற செடிகளின் இலைகளைப் பொசுக்கிவிடும். அதே வீட்டின் தெற்குச் சன்னலில் மார்கழி மாதத்து வெயில்தான் உள்ளே நீளும். மேற்குச் சன்னலின் கோடைக்கால மாலை வெயில் மட்டும் எந்த வீட்டுச்செடிக்கும் ஆகாது. மெல்லிய திரைச்சீலை ஒன்று அவசியம்.

எந்தச் செடியை வாங்கலாம் என்று கேட்போருக்கு, மேற்சொன்ன மூன்றுடன் அக்லோனிமாவையும் சிங்கோனியத்தையும் சேர்த்துச் சொல்வேன். கடலோர நகரங்களின் ஈரக்காற்று இவற்றுக்கு ஒத்துப்போகும். மாறாக, உதகையிலும் பெங்களூரிலும் செழிப்பதைப் பார்த்து வாங்கிவரும் ரோஜா வடிவச் சதைச்செடிகள் நம் புழுக்கத்தில் அழுகிவிடுகின்றன. சோற்றுக்கற்றாழை, துளசி, கற்பூரவல்லி ஆகியவை வெயிலுக்குப் பிறந்தவை. அவற்றை மாடத்திலும் மொட்டைமாடியிலும் வைப்பதே அவற்றுக்குச் செய்யும் நியாயம்.

காற்றைத் தூய்மைப்படுத்தும் என்ற கூற்றுக்கு வருகிறேன். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா வெளியிட்ட ஓர் ஆய்வே இதன் மூலம். காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்கள் குறைவதை அந்த ஆய்வு அளந்தது. விண்கலம் போன்ற அடைபட்ட சூழலை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது அது. நம் வீட்டுக் கதவும் சன்னலும் வழியே வந்துபோகும் காற்று செய்யும் வேலை அதைவிடப் பன்மடங்கு பெரிது. இத்தகைய பல சோதனைகளின் முடிவுகளை 2019-இல் மறுஆய்வு செய்த டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு இணையாக மாசு நீங்க, ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். வீசிங் உள்ள குழந்தையின் அறையில் இரண்டு தொட்டிகளை வைத்துவிட்டு, நிம்மதியாகச் சன்னலை மூடிவைக்கும் பெற்றோருக்கு இந்த உண்மை தெரிய வேண்டும்.

ஸ்நேக் பிளாண்ட் இரவில் ஆக்சிஜன் தரும் என்பதும் இதே வகைதான். வறள்நிலச் செடியான அது, நீரிழப்பைத் தவிர்ப்பதற்காகப் பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமிக்கிறது. ஆனால் ஆக்சிஜன் உண்டாவது ஒளியின் உதவியால் நீர் பிளக்கப்படும்போதுதான், அதாவது பகலில்தான். படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்று முதியோர் அஞ்சுவதும் தேவையற்றது. ஒரு செடி வெளிவிடும் கரியமில வாயு, அதே அறையில் உறங்கும் ஒரு மனிதர் வெளிவிடுவதில் மிகச் சிறு பங்கே.

கட்டுரையில் விடுபட்டுப்போன ஒரு செய்தி குழந்தைகளைப் பற்றியது. மணி பிளாண்ட், அக்லோனிமா, சிங்கோனியம், இசட்இசட் செடி, டிஃபன்பேக்கியா ஆகியவை அனைத்தும் நம் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சேர்ந்த அதே குடும்பம். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவிடாவிட்டால் நாக்கு அரிப்பதற்குக் காரணமான ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இச்செடிகளின் இலையிலும் தண்டிலும் உள்ளன. தவழும் குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாயும் உதடும் எரிந்து வீங்கக்கூடும். உடனே வாயைத் துடைத்துக் கழுவி, வீக்கமோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். டிஃபன்பேக்கியாவைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. நாய், பூனை வளர்ப்போர் ஸ்நேக் பிளாண்டையும் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

மற்றொன்று கொசு. கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றி மணி பிளாண்ட் வைக்கும் பழக்கம் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரைத்தான் நாடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களே போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே புட்டியின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள், நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், வாரந்தோறும் நீரைக் கொட்டி மாற்றினால் மட்டும் போதாது. உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணுக்கு மாற்றிவிடுவது இன்னும் எளிது.

ஏனைய பராமரிப்பு சிறிதே. இலைமீது படியும் தூசியை இரு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் இலை ஒளியை நன்கு பெறும். துடைக்கும்போதே இலைக்காம்பின் இடுக்கில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியும் கண்ணில் படும், தொடக்கத்திலேயே துடைத்தெடுத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துவிடலாம். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரால் இலைநுனி கருகும், மண்மீது வெண்மையாகப் படியும், ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் உப்பு அதைவிடவும் அதிகம், அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது. மழைநீர் கிடைக்கும்போது அதைவிடச் சிறந்தது இல்லை. பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர்ச் சக்கை, புளித்த அரிசி கழுவிய நீர் ஆகியவற்றை வீட்டுக்குள் உள்ள தொட்டியில் இடுவதால் எறும்பும் சிறு கறுப்பு ஈக்களும்தான் பெருகும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். நர்சரி நடத்துவோரும் தோட்டக்கலைத் துறையின் விற்பனை நிலையங்களும், விற்கும் ஒவ்வொரு தொட்டியுடனும், செடியின் பெயர், தேவைப்படும் வெளிச்சம், நீர் ஊற்றும் முறை, நச்சுத்தன்மை உண்டா என்ற நான்கு செய்திகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு சிறு அட்டையைத் தர வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் குறிப்புத்தாள் வைக்க முடிகிறபோது இது பெரிய செலவாகாது. தங்கள் நாளிதழும் அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதும்போது, கோவை, மதுரை, சென்னை என ஊருக்கு ஊர் மாறும் வெயிலையும் ஈரத்தையும் அறிந்த தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்டு, மாதவாரியாக வெளியிட்டால் வாசகர்கள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை.